மூன்றாம் மாடிப் பன்னீர் ரோஜா

பன்னீர் ரோஜா என்றால் என்ன என்று டில்லிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நர்சரியில் போய்க் கேட்டால், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு சிவப்பு ரோஜாவைத் தூக்கிக் காட்டுவான். பார்க்க ஜோராக இருக்கும். மூக்கை உள்ளே விட்டுத் துழாவினாலும் ஒன்றும் வராது. "குஷ்பு வாலா சாஹியே, பையா" என்று கத்தினால், "சப் மே குஷ்பு ஹை, ஆன்ட்டி" என்பான். எல்லாவற்றிலும் வாசனை இருக்கிறதாம். எங்கே இருக்கிறது? அவன் தலையில்தான் இருக்கிறது.

பன்னீர் ரோஜா வேறு ஜாதி. வெளிர் சிவப்பு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். காம்பில் பலம் கிடையாது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். காலையில் பறித்தால் சாயங்காலம் இதழ் கொட்டிவிடும். ஆனால் ஒரு பூவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும், வாசல் கதவைத் திறக்கும்போதே தெரியும். எங்கள் திண்டுக்கல் பக்கத்தில் இதைக் கூடை கூடையாக எடை போட்டு விற்பார்கள். அங்கே அதற்கு ஒரு மவுசும் கிடையாது. இங்கே வந்த பிறகுதான் எனக்கு அதன்மேல் பைத்தியம் பிடித்தது.

கொண்டுவந்து பிழைக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டில்லித் தமிழர்கள் எல்லோரும் செய்கிற முட்டாள்தனத்தைத்தான் நானும் செய்தேன். நாம் ஊருக்குப் போவது எப்போது? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும்போது. திரும்பி வருவது எப்போது? ஜூன் மாதம், லூ என்கிற அனல் காற்று வீசுகிற நேரம் பார்த்து. கொம்பை ஒடித்து, ஈர மண் வைத்து, வாழை மட்டையில் சுற்றி, ரயிலில் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்து நட்டால், ஒரே வாரத்தில் பொரித்த அப்பளம். அடுத்த வருஷமும் அதே கதை. அப்புறம் ஒரு தடவை தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக நேர்ந்தது. அங்கிருந்து கொண்டுவந்து பிப்ரவரியில் நட்ட கொம்பு பிடித்துக்கொண்டது. செடியில் ஒரு குறையும் இருந்ததில்லை, எங்கள் ரயில் டிக்கெட்டில்தான் குறை.

ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் தரைத்தளம். பின்பக்கம் கொஞ்சம் தோட்டம் உண்டு. அங்கே அந்தச் செடி டில்லியைக் கற்றுக்கொண்ட விதத்தை நான் வருஷா வருஷம் பார்த்தேன். ஊரில் அது வருஷம் முழுக்கப் பூக்கும். இங்கே ஜனவரி மூடுபனியில் தூங்கிவிடும். மார்ச்சில் கொத்துக் கொத்தாக, ஊர்ப் பூவைவிடப் பெரிதாக, நிறம் கூடிப் பூக்கும். மே, ஜூனில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்றிரண்டு, அதுவும் ஓரம் கருகி. மழையில் இலையெல்லாம் கரும்புள்ளி. தசரா முடிந்ததும் இங்கே எல்லோரும் ரோஜாவை ஒட்ட வெட்டிவிடுவார்கள். அடியில் மண்ணைக் கிளறி, வேருக்குக் கொஞ்சம் வெயில் காட்டி, எருப் போட்டு மூடுவார்கள். அப்போது பார்த்தால் எந்தச் செடியும் நாலு மொட்டைக் குச்சிதான். எது எந்த ஜாதி என்று பெற்றவளுக்கே தெரியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ், கோயம்புத்தூர்க்காரி. என்னைவிடச் சின்னவள். வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்பாள், என் வீட்டுக்காரரை மாமா என்பாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்; காலனியில் முக்கால்வாசிப் பேரோடு ஏதாவது ஒரு சண்டை இருக்கும். அவளோடு மட்டும் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வேனில் போனார்கள். இடுப்புயர மருதாணி வேலிக்கு மேலே குழம்புக் கிண்ணம் போகும், ரசக் கிண்ணம் வரும். நாங்கள் ஊருக்குப் போனால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே குழாயை நீட்டி என் ரோஜாவுக்குத் தண்ணீர் விடுவாள். ஒன்றிரண்டு தடவை கொம்பு ஒடித்துக் கொடுத்தேன், அவளிடம் வேர் பிடிக்கவில்லை. "உங்க கைராசி எனக்கு வராதுங்க்கா" என்பாள். நானும் பெருமையாகச் சிரித்துக்கொள்வேன். மண்டு.

அப்புறம் கொரோனா வந்தது. இரண்டாவது அலையில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வந்தது. எனக்கு ஒரு வாரக் காய்ச்சலோடு போய்விட்டது. அவரை ஆஸ்பத்திரி வரை இழுத்துக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தது, ஆனால் முழுசாகக் கொடுக்கவில்லை. மூக்கு போய்விட்டது. வாசனை என்ற ஒன்றே இல்லை.

மூக்குதானே என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் ஒரு மாதம் அந்த மாதிரி ஒரு மனிதரை வைத்துப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு எங்கள் வீட்டில் அவர் பொறுப்பு. தாளிப்பைக் கொட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆவியை இழுத்து, "இன்னும் ஒரு கொதி" என்று தீர்ப்புச் சொல்கிற மனிதர். அவர் அடுப்படிப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். எதைப் போட்டாலும் காகிதம் மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளுவார். பால் பொங்கித் தீய்ந்து புகை வரும், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் ஓடிவந்து கத்தியதும் அடுப்பைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். சாப்பாடு இறங்காமல் இளைத்து, சட்டையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று.

ஒரு மூக்கு டாக்டர்தான் வழி சொன்னார். காலையும் மாலையும் நாலு வாசனையை முகர வேண்டும்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம். வாசனை வருகிறதோ இல்லையோ, நினைவில் வைத்துக்கொண்டு முகர வேண்டும், விடக் கூடாது. மற்றதெல்லாம் கடையில் வாங்கினேன். ரோஜாவுக்கு என்ன கவலை? காலையில் பல் தேய்த்ததும் தோட்டத்துக்குப் போய்ச் செடி முன்னால் நின்று பூவை முகருவார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள், "என்னங்க மாமா, இன்னிக்கு வந்துச்சுங்களா?" என்பாள். கையை விரித்துக் காட்டுவார். மாதக்கணக்கில் இப்படி.

அவர் ரிட்டயர் ஆன பிறகு வந்த மார்ச்சில், செடி கொத்துக் கொத்தாகப் பூத்திருந்த ஒரு காலையில், தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, இங்க வா. ஏதோ லேசா வருதும்மா. தெருமுனையில யாரோ பூக்கூடையோட போற மாதிரி." எலுமிச்சை வரவில்லை, கிராம்பு வரவில்லை. ரோஜா மட்டும், அதுவும் தூரத்தில் எங்கேயோ. நான் அழுதேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மே மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. துவாரகாவில் மூன்றாம் மாடியில் சொந்த ஃப்ளாட். அந்த வெயிலில் செடியைப் பெயர்த்தால் செத்துவிடும். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அவளே வந்தாள். "எதுக்குங்க்கா பதறுறீங்க? இந்தக் குவார்ட்டர்ஸையெல்லாம் இடிக்கப் போறாங்க, உங்க வீட்டுக்கு வேற யாரும் வர மாட்டாங்க. செடி இருக்கற எடத்துலயே இருக்கட்டும், நான் தண்ணி விடறனுங்க. தசரா முடிஞ்சதும் வெட்டி, தொட்டியில வெச்சு நானே கொண்டாந்து தர்றன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் யோசித்திருப்பேன். அவள் சொன்னதால் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வண்டி ஏறினேன்.

தீபாவளி கழிந்து ஆட்டோவில் தொட்டியோடு வந்து இறங்கினாள். நாலு மொட்டைக் குச்சி. அடி மெலிசாக இருந்தது. "பழைய அடிக்கட்டையைக் கரையான் அரிச்சுப்போட்டுதுங்க்கா. பக்கத்துல வேரோட ஒரு கன்னு இருந்துச்சு, அதைத்தான் காப்பாத்த முடிஞ்சுது" என்றாள். டில்லி மண்ணில் கரையான் இல்லாத இடம் ஏது? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இதையாவது காப்பாற்றினாயே என்று நன்றி சொன்னேன். அவள் வீட்டுக்காரர் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு கோயம்புத்தூரில் வீடு கட்டியிருந்தார். அடுத்த வாரம் சாமான் லாரி கிளம்பியது. ரயிலில் சாப்பிட நான் என் கையால் புளியோதரை கிளறி, வத்தல் வறுத்துக் கட்டிக் கொடுத்தேன். ஸ்டேஷனில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

மார்ச்சில் தொட்டிச் செடி பூத்தது. வெளிர் சிவப்புதான். இலை கொஞ்சம் பளபளப்பாக இருந்தது, முள் குறைவாகத் தெரிந்தது. போனில் கேட்டேன். "மூணாவது மாடிக் காத்துங்க, துவாரகா உப்புத் தண்ணி வேறங்க, செடி மாறத்தானே செய்யும்?" என்றாள். சரிதானே? ஊரிலிருந்து ஆர்.கே.புரத்துக்கு வந்தபோது மாறியதுதானே? இடத்துக்கு இடம் அது மாறுவதை என் கண்ணால் பார்த்தவள் நான். அதனால்தான் நம்பினேன். தெரியாதவளாக இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பேன்.

அவர் முதல் பூவை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "ஒண்ணுமில்லம்மா" என்றார்.

நான் வாங்கி முகர்ந்தேன். எனக்கும் ஒன்றுமில்லை. "பூவுலயே வாசனை இல்லைங்க" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் வருத்தப்படக் கூடாதுன்னு சொல்றே. தெரியும்மா." நான் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் அவள் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"பன்னீர் ரோஜாவுல வாசனை இல்லாம எங்கீங்க போகும்? அக்காவுக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சில்லீங்க, மூக்கு கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கும். வாசனை பூவுல இருக்குமுங்க மாமா. விடாம மோந்து பாருங்க, வந்துரும்."

அவரும் விடாமல் முகர்ந்தார். என் பெருங்காயமும் காபியும் எனக்கு நன்றாகவே மணத்தன. ஆனாலும் ரோஜாவுக்கு மட்டும் என் மூக்கில் ஏதோ கோளாறு என்று நானும் நம்பத் தொடங்கினேன். அடுத்த மார்ச்சிலும் பூத்தது. ஒரு காலையில் அவர் பால்கனியிலிருந்து உள்ளே வந்து, கிராம்பு டப்பாவையும் தைலத்தையும் எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். "போதும்மா. வந்தது திரும்பப் போயிருச்சு. இனி வராது." அதற்குப் பிறகு எலுமிச்சையைக்கூட முகர மறுத்துவிட்டார். நான் திட்டினேன், கெஞ்சினேன், டாக்டரைக் கூப்பிட்டேன். ஒன்றுக்கும் அசையவில்லை. வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. அந்த நாட்களில் நான் தினமும் போன் போட்டுப் புலம்பியது யாரிடம்? அவளிடம்தான். அவளும் "ஐயோ பாவம், மாமா" என்று உச்சுக்கொட்டினாள்.

போன தை மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருப்போமா? கோயம்புத்தூரில் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ரூம் போட்டிருந்தாள். வீட்டைப் பார்க்கிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "வீடு ஒரே ஒட்டடையா கெடக்குதுங்க்கா, இன்னொரு நாளைக்கு" என்று தட்டிக்கழித்தாள். கல்யாண வீட்டு அலைச்சல் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும் முன்னால், சொல்லாமல் போய் நின்று அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று ஆட்டோ பிடித்துப் போனோம்.

கேட்டைத் திறந்ததும் அவர் நின்றுவிட்டார். என் கையைப் பிடித்தார். பிடி இறுகியது.

"பன்னீர் ரோஜா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்கங்க?"

"வாசனை வருதும்மா. நல்லா வருது. பன்னீர் ரோஜா." அவர் குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கை உயர்த்திக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பக்கவாட்டுப் பாதையில் நடந்தார். நான் முருகா, முருகா என்று அரற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது செடி, ஆள் உயரத்துக்கு, கொத்துக் கொத்தாகப் பூவோடு. அவர் ஒரு கிளையை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டார். தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. அது உண்மை.

சத்தம் கேட்டு அவள் மாமியார் வெளியே வந்தார். மருமகள் மண்டபத்துக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்றார். என் வீட்டுக்காரர் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அந்த அம்மாளுக்கு ஒரே பூரிப்பு. "வாசம் ஆளத் தூக்குதுங்களா? டில்லியிலிருந்து வந்த செடிங்க சாமி. ரொம்ப வருசத்துச் செடியாமா. என்ற மருமவ அடிக்கட்ட நோவாம மண்ணோட பேத்து, சாக்கச் சுத்தி, லாரியில வீட்டுச் சாமானத்தவிடப் பத்தரமாக் கொண்டாந்தா."

நான் குனிந்து அடிக்கட்டையைப் பார்த்தேன். என் மணிக்கட்டைவிடப் பருமன். கரையான் அரித்த தடம் ஒன்றுமில்லை. இத்தனை வருஷம் தசரா முடிந்து நான் உட்கார்ந்து எருப் போட்ட கட்டை எனக்குத் தெரியாதா?  அந்தத் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்தாள். கேட்டைத் தாண்டி எங்களைப் பார்த்ததும் முகத்தில் ரத்தமே இல்லை. மாமியார் காபி போட உள்ளே போனார்.

"அடிப்பாவி" என்றேன். அதற்கு மேல் என் நீளமான வாயில் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, உங்க மூணாவது மாடித் தொட்டியில அது செத்துப் போயிருக்குமுங்க. இங்க பாருங்க, எப்படி இருக்குதுன்னு. இத்தன வருசம் நானுந்தானுங்க தண்ணி ஊத்துனேன். கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருக்க மாட்டேன். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் நான் செடியைப் பற்றிப் பேசவில்லை. "இந்த மனுசன் வாசனையில்லாத பூவைத் தெனமும் மோந்து மோந்து, தன் மூக்கு செத்துப்போச்சுன்னு நம்பி ஒடைஞ்சு போனாரே. உன்கிட்டத்தானேடி அழுதேன். வாசனை பூவுல இருக்கும், விடாம மோந்து பாருங்கன்னு அவர்கிட்டயே சொன்னியே. அந்தச் செடியில வாசனை இருக்காதுன்னு உனக்குத் தெரியும்தானே?"

அவள் புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "தெரியுமுங்க" என்றாள்.

செடியை எடுத்ததைக்கூட ஒரு நாள் என் மனம் விழுங்கியிருக்கும். ஆசைப்பட்டாள், எடுத்துக்கொண்டாள், போகட்டும். இந்தத் தெரியுமுங்கவைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பூவிலிருந்து முகத்தை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து, "ஒரு கொம்பு ஒடிச்சுக் குடும்மா" என்றார். அவள் ஓடிப்போய்க் கத்தி கொண்டுவந்து, நல்ல கொம்பாகப் பார்த்து வெட்டி, ஈரத்துணி சுற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றார். எனக்கு அவரையும் சேர்த்து அறைய வேண்டும்போல் இருந்தது. மாமியார் கொண்டுவந்த காபியை நான் தொடவில்லை.

டில்லி வந்ததும் அந்த வாசனையில்லாத செடியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். அது என்ன பாவம் செய்தது என்று அவர் கேட்டார். ஒன்றும் செய்யவில்லைதான். ஆனாலும் போட்டேன். அதே தொட்டியில் புது மண் போட்டு அவர் கொம்பை நட்டார். கிராம்பு டப்பா அலமாரியிலிருந்து வெளியே வந்தது. சில வாரங்களில் எலுமிச்சை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கு வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே புளியைக் கரைத்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன் தினமும் அதே நேரத்துக்கு வந்தது. நான் எடுக்கவில்லை. என் நம்பருக்கு வந்து வந்து அலுத்து, பிறகு அவர் நம்பருக்கு வந்தது. அவர் எடுத்தார். போன வாரம் பால்கனியில் நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டு துளிர் விட்ருக்கும்மா. ஆமா ஆமா, உப்புத் தண்ணி ஊத்தலை, குடிதண்ணிதான் ஊத்துறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் முன்னால் நின்றேன்.

"இன்னும் என்னம்மா கோவம்?" என்றார். "ஏமாந்தது என் மூக்கு. நானே விட்டுட்டேன். உனக்கென்ன?"

"உங்களுக்குப் போனது திரும்பி வந்துருச்சுங்க" என்றேன். "எனக்கு இருந்தது அவ ஒருத்திதான். அவ எனக்குத் திரும்பி வருவாளா?"

 போன் அவர் கையில் அப்படியே இருந்தது, அவள் இன்னும் வைக்கவில்லை. கேட்டிருப்பாள். கேட்கட்டும்.